எங்கள் போர்வை லேபிளில் உள்ள இணைய முகவரிக்குப் போகாதீர்கள்

2023 ஐப்பசி. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குடோன் தரையில் பாய் விரித்து, நாங்கள் நான்கு பெண்கள் ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்து, தைத்து மடித்து வைத்திருந்த போர்வைகளிலிருந்து லேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மொத்தம் 1,800 போர்வை. லேபிளை எடுத்த இடத்தில் ஊசித்துளை வரிசையாகத் தெரியும். விரலைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் நூலை நெருக்கித் தேய்த்தால் துளை மூடும். ஒரு போர்வைக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு லேபிளிலும் கடைப் பெயருக்குக் கீழே எங்கள் இணையதள முகவரி அச்சாகியிருந்தது. அந்த முகவரி எங்களுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது.

எங்களுக்குச் சென்னிமலையில் போர்வை வியாபாரம். அப்பா தறியில் உட்கார்ந்து ஆரம்பித்தது, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈரோடு கனி மார்க்கெட், வெளியூர் கண்காட்சிகள், கோவிலுக்கு வருகிறவர்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. கொரோனாவில் எல்லாம் நின்றது. நேரடியாக இணையத்தில் விற்கலாம் என்று 2021 பிப்ரவரியில் நான்தான் அப்பாவிடம் சொன்னேன். அதனால் நடந்ததை எழுதவேண்டியதும் நான்தான்.

தளம் செய்து கொடுக்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 18,000, ஒருவர் 45,000, இன்னொருவர் 1,10,000. அதிக விலை சொன்னவர் ஒரு மணி நேரம் கேள்வியாகவே கேட்டார். ஆர்டர் வந்தால் யார் பேக்கிங் செய்வார்கள், கலர் மாறிப்போனால் திருப்பி எடுப்பீர்களா, எந்த கூரியர், ஒரே டிசைனில் எத்தனை போர்வை கையிருப்பு இருக்கும் என்று. இவர் எதற்கு நம் வியாபாரத்தைத் துருவுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. 45,000 சொன்ன பையன் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்க்கா?" அக்கா அக்கா என்று அவ்வளவு மரியாதை. நானும் தம்பி என்றே கூப்பிட்டேன். வேலையை அவருக்கே கொடுத்தேன்.

அவர் லேப்டாப்பில் காட்டிய மாதிரித் தளங்கள் கண்ணைப் பறித்தன. நகைக்கடை, ஹோட்டல், துணிக்கடை என்று ஆறு தளம். பிற்பாடு விசாரித்தபோது தெரிந்தது, அதில் நான்கு அவர் செய்ததே இல்லை. தீம், அதாவது தளத்துக்கான ஆயத்த வடிவமைப்பு, விற்கிற கம்பெனிகள் விளம்பரத்துக்காக வைத்திருக்கும் மாதிரிப் பக்கங்கள். மேலே முகவரி இருக்கும் இடத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. யாராவது மாதிரி காட்டினால் முகவரியை வாங்கி உங்கள் போனில் நீங்களே திறந்து பாருங்கள். அந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, இவர்தான் செய்து கொடுத்தாரா, இன்னும் கூப்பிட்டால் எடுக்கிறாரா என்று அந்த முதலாளியிடமே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொல்கிறார்கள். இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நானும் சொல்கிறேன்.

ஒப்பந்தம் என்று வாட்ஸப்பில் ஒரு பக்கம் வந்தது. அதில் "டொமைன், ஹோஸ்டிங் முதல் வருடம் இலவசம்" என்று ஒரு வரி. என் வியாபாரத்தை விழுங்கியது அந்த ஒரு வரிதான்.

டொமைன் என்பது இணையத்தில் நம் கடையின் பெயர்ப்பலகை மாதிரி. ஹோஸ்டிங் என்பது தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம். ஒரு டாட் காம் பெயருக்கு அப்போது வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆனது. அந்த ஆயிரத்தை அவர் கட்டினார். தன்னுடைய கணக்கில், தன்னுடைய மின்னஞ்சலில், தன் பெயரில். பெயரைப் பதிவு செய்யும் நிறுவனத்தின் பார்வையில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அவர்தான். நான் எவ்வளவு கொடுத்தேன், கடை யாருடையது என்பது அவர்களுக்குச் சம்பந்தமில்லை. வீடு கட்ட முழுப் பணமும் நாம் கொடுத்து, பத்திரம் மேஸ்திரி பேரில் பதிவான கதைதான்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டரை வருடம் ஆனது. நடுவில் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் நான் நிறுத்தியிருக்க முடியும்.

மூன்று வாரத்தில் முடியும் என்றது நான்கு மாதம் ஆனது. 45,000-க்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 8,100 வாங்கினார். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. எண் இருந்திருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். இல்லாதபோது வரி என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வரவேண்டும் என்று வருடத்துக்கு 3,500. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சின்னத்துக்கு வேண்டிய சான்றிதழை 2016-லிருந்தே எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது.

தமிழ்ப் பக்கம் கேட்டிருந்தேன். வந்த அன்று அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு என் போனில் சத்தமாகப் படித்தார். "ராஜா அளவு படுக்கை தாள். வண்டியில் சேர். இலவச கப்பல் போக்குவரத்து." நிறுத்திவிட்டு, "ஏங் கண்ணு, இதுல நம்ம போர்வை எங்க இருக்குது?" என்றார். இங்கிலீஷை அப்படியே இயந்திரத்தில் போட்டு எடுத்திருந்தார்கள், யாரும் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. சரி செய்யச் சொன்னதற்கு, "அதெல்லாம் யாருக்கா படிக்கப் போறாங்க" என்று பதில். எங்கள் போர்வையை வாங்குகிறவர்கள் படிப்பார்கள் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே விலகியிருக்க வேண்டும். பாதிப் பணம் போய்விட்டதே என்று பேசாமல் இருந்தேன்.

அடுத்தது, பணம் வரும் வழி. இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கிக் கொடுக்கும் சேவைக்கு பேமென்ட் கேட்வே என்று பெயர். அதில் உங்கள் பேரில் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடிய நாளாகும், அதுவரை என் கணக்கில் வரட்டும்க்கா, வாரா வாரம் அனுப்பிவிடுகிறேன் என்றார். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பத்து நாள், இருபது நாள் என்று இழுத்தது. கடைசியில் 17,300 ரூபாய் நின்றுபோனது, இன்றுவரை வரவில்லை. பான் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று கொடுத்து நம் பேரில் திறந்தால் வாடிக்கையாளர் கட்டும் பணம் சாதாரணமாக இரண்டு மூன்று வேலை நாளில் நம் வங்கிக்கே வந்துவிடும். நடுவில் ஆள் தேவையே இல்லை. கேஒய்சி தாமதமானால் கடை திறப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

2023 ஜூன் வாக்கில், திருச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். "உங்க கடைப் பேரைத் தேடினா ஏதோ ஜப்பான் எழுத்தா வருதே" என்றார். நானும் தேடினேன். எங்கள் முகவரிக்குக் கீழேயே ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். கைப்பை, கடிகாரம் என்று எங்களிடம் இல்லாத பொருளெல்லாம் படத்தோடு. இது தெரிந்த வகைத் தாக்குதல்தான், கூகுளே இதற்கென்று விளக்கக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. காரணம், எங்கள் தளத்துக்குப் போட்டிருந்த தீம் காசு கொடுத்து வாங்கியது இல்லை. பூட்டை உடைத்து இலவசமாகச் சுற்றில் விடும் திருட்டுப் பிரதி. அப்படி விடுகிறவர்கள் பல நேரம் உள்ளே ஒரு திருட்டு வாசலும் வைத்துத்தான் விடுவார்கள். தளம் கட்டப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், அதில் கடை நடத்த வேண்டிய வூகாமர்ஸும் இலவசம். வாங்கவேண்டியிருந்தது அந்த ஒரு தீம், சில ஆயிரம் ரூபாய். அதைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். பராமரிப்புக்கு என்று வருடத்துக்கு 12,000 வாங்கினவர் இரண்டு வருடத்தில் ஒரு அப்டேட்கூடப் போடவில்லை, தளத்துக்கு ஒரு பேக்கப் நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

சுத்தம் செய்ய 15,000 கேட்டார். நான் முடியாது என்றேன். செப்டம்பர் கடைசியில் தளம் அணைந்துபோனது. கடை மின்னஞ்சலும் அதோடு சேர்ந்து போனது, அதுவும் அதே முகவரியில்தான் இருந்தது. கொல்லத்திலிருந்து ஒரு விடுதிக்காரர் 200 போர்வைக்கு ஆர்டர் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று வேறு இடத்தில் வாங்கிக்கொண்டதை இரண்டு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். பெயரையாவது கொடுங்கள் தம்பி, நான் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெயரை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அதை அவர் கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். அதற்கு 60,000 கேட்டார். அக்கா என்ற வார்த்தை அன்றைக்கு இல்லை. "மேடம், பெயர் என்னுது" என்றார்.

பதிவு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கணக்கு வைத்திருப்பவரின் மின்னஞ்சலிலிருந்து வந்தால்தான் பேசுவோம் என்றார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். வக்கீல் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது, யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நம்மிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையில் செய்து கொடுத்தது பொதுவாக நமக்குச் சொந்தம். வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்தால் தளத்தின் நிரலும் (கம்ப்யூட்டர் கோட்) வடிவமைப்பும் முதலில் அவருக்குத்தான் சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுத்ததாக அவர் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் கணக்கு. "முழுப் பணமும் கொடுத்த பின் எல்லா உரிமையும் நிரந்தரமாக வாடிக்கையாளருக்கு" என்று இரண்டு வரி இருந்திருந்தால் என் கை ஓங்கியிருக்கும்.

கடைப் பெயருக்கு டிரேட்மார்க்கும் நாங்கள் எடுத்து வைக்கவில்லை. சிறு தொழிலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு பொருள் பிரிவுக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். அது இருந்திருந்தால் டொமைன் தகராறுக்கென்றே உள்ள நடுவர் முறைக்குப் போக ஒரு பிடி கிடைத்திருக்கும் என்றார் வக்கீல். அதற்கும் டாட் காம் என்றால் ஒரு நடுவருக்கு 1,500 டாலர் கட்டவேண்டும். எங்களால் ஆகாத காரியம்.

பெயரின் காலம் 2024 மார்ச்சில் முடிகிறது என்று பதிவு விவரத்தில் தெரிந்தது. அவர் புதுப்பிக்காமல் விட்டால் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். காலம் முடிந்த மறுநாளே கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பழைய சொந்தக்காரர் புதுப்பித்துக்கொள்ள 45 நாள் வரை விடுவார்கள், அப்புறம் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அப்புறம் நீக்குவதற்கு 5 நாள். ஏறக்குறைய எண்பது நாள் தினமும் காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். அவர் புதுப்பிக்கவில்லை. விடுபட்ட நாளில், நான் எழுந்து பார்ப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். இப்படி விடுபடும் பெயர்களை இயந்திரம் வைத்துக் காத்திருந்து பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கூகுளில் பெயர் எடுத்த முகவரி என்றால் அவர்களுக்கு லாபம்.

இப்போது வேறு பெயரில் தளம் இருக்கிறது. செய்து கொடுத்தது பெருந்துறையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெண். விலை 38,000. முதல் நாள் வந்ததும் என் போனை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே கணக்குத் திறங்கக்கா, உங்க கார்டுல கட்டுங்க, ஓடிபி உங்களுக்கே வரட்டும். எனக்கு வேலை செய்யற அளவுக்கு மட்டும் அனுமதி குடுத்தாப் போதும்" என்றார். ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, கூகுள் மேப்பில் கடை விவரம், எல்லாமே அப்படித்தான். படம் எடுக்கத் திண்ணையில் காலை வெயிலில் போர்வையை விரித்தார், அரக்கு அரக்காகவே வந்தது. பழைய தளத்தில் அது சிவப்பாகத் தெரிந்து எத்தனையோ பேர் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தமிழை அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முடிந்த அன்று பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய போனை வாங்கி, மலை அடிவாரத்தில் சிக்னல் குறைவான இடத்தில் நின்று திறந்து பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தை வாங்கினார்.

யாரிடமாவது தளம் செய்யக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே டொமைன் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேளுங்கள். சண்டை எதுவும் இல்லாமல் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்டது சண்டை வந்த பிறகு.

லேபிளைப் பிரித்தது அந்த 1,800 போர்வைக்கு மட்டும்தான். அதற்கு முன் விற்றது ஆயிரக்கணக்கில் இருக்கும், எத்தனையோ வீடுகளில் இன்னும் விரித்துப் படுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த லேபிளில் உள்ள முகவரியைப் போட்டால் இப்போது சூதாட்ட விளம்பரப் பக்கம் திறக்கிறது. தயவுசெய்து அதற்குள் போகாதீர்கள், போன் எண்ணோ பணமோ கொடுத்துவிடாதீர்கள். லேபிளில் முகவரிக்குக் கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். அது அப்பாவின் எண், மாறவில்லை. அதற்கு அழையுங்கள், அவரே எடுப்பார்.