பிளாஸ்ரிக்கா, கடதாசியா? யாழ்ப்பாணத்து மாரிக்குத் தாக்குப்பிடிக்கும் போர் விமான மொடல்

என்னிடம் ஒரே விமானம் இரண்டு தரம் இருக்கிறது. இரண்டும் 1942 ஏப்ரலில் இலங்கை வானத்தில் சண்டைபிடித்த ஹோக்கர் ஹரிகேன். ஒன்று 1/72 அளவில், அதாவது உண்மை விமானத்தின் 72 இல் ஒரு பங்கில், பாகங்களாக வந்து ஒட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் கிட். மற்றது 1/33 அளவில் கடதாசி மட்டையில் வெட்டி ஒட்டியது. இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்க முடியாது. ஏனென்று பிறகு சொல்கிறேன். இப்போது நான் புதிதாகத் தொடங்குவதெல்லாம் பிளாஸ்ரிக்கில்தான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வரலாற்றுக்குப் பிசகாத மொடல் செய்ய விரும்புகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் கடதாசியின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சின்ன நியாயம் இல்லை.

ஹரிகேனை எடுத்ததற்குக் காரணம் நேரானது. 1942 ஏப்ரல் 4 இல் கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் கற்றலினா என்ற கடல் விமானம், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையை இலங்கைக்குத் தெற்கே கண்டு செய்தி அனுப்பியது. அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 இல் திருகோணமலை. இரத்மலானையிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 30 ஆம் ஸ்குவாட்ரனும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258 ஆம் ஸ்குவாட்ரனும், சீனன்குடாவிலிருந்து 261 ஆம் ஸ்குவாட்ரனும் எழும்பிப் போனது ஹரிகேனில்தான். எங்கள் பலாலி ஓடுபாதையும் அந்த யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டதே. இந்தத் தீவின் வரலாற்றோடு இவ்வளவு ஒட்டிய விமானம் வேறு இல்லை.

இனிக் கடதாசி. விலை என்று வந்தால் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மொடலின் கணினிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, 160 அல்லது 200 கிராம் தாளில் பிறின்ற் எடுத்து, ஒரு கூர்க்கத்தி, ஒரு இரும்பு அடிமட்டம், வெள்ளைப் பசை இருந்தால் வேலை தொடங்கலாம். போலந்தில் 1950களிலிருந்தே இதை ஒரு பெரிய கலையாக வளர்த்திருக்கிறார்கள்; 1/33 என்ற அளவும் அவர்கள் நிலைநிறுத்தியதுதான். கடதாசியை வளைத்து நிமிர்த்தும் கை எங்கள் ஊருக்கும் புதிதில்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கடதாசியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஹரிகேனின் பின்னுடல் உலோகத் தகடு போர்த்தது அல்ல. நீளவாட்டில் ஓடும் மரச் சட்டங்களின்மேல் துணியை இழுத்துக் கட்டியது. அதனால் அந்த இடம் உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும். மட்டையை மடித்துச் செய்யும்போது அந்தப் பட்டை தானாகவே வந்துவிடுகிறது. பிளாஸ்ரிக் கிட்டுகள் பலவற்றில் அதே துணி அளவுக்கு மீறித் தொய்ந்து கிடக்கும். ஆனால் மூக்குப் பக்கம் வந்தால் கடதாசி திணறும். காற்றாடியின் கூம்பும், இறக்கை உடலோடு சேரும் வளைவும், பாலைவனத் தூசிக்காக மூக்குக்குக் கீழே பொருத்திய வோக்ஸ் வடிகட்டியின் தாடியும் இரண்டு திசையில் வளைபவை. தாள் ஒரு திசையில்தான் வளையும்.

பிளாஸ்ரிக்கின் நல்ல பக்கத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நுணுக்கம், கூர்மை, கண்ணாடிக் கூடாரம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வரும். போலந்தின் ஆர்மா ஹொபி என்ற கிட் நிறுவனம் 1/72 இல் ஹரிகேனின் பல வகைகளை வெளியிட்டிருக்கிறது. பழைய எயார்பிக்ஸ் நிறுவனத்தின் கிட்டும் இருக்கிறது. இறக்கைக்குள் எட்டுத் துப்பாக்கியா பன்னிரண்டா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஹரிகேனில் மார்க் 1 வகை என்றால் எட்டு, 2பி வகை என்றால் பன்னிரண்டு. கொண்டுவருவதில்தான் சிக்கல். கொழும்பில் தேடுவது, அல்லது லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது. கிட் பெட்டியில் வரும். எனாமல் பெயின்றும் பிளாஸ்ரிக் பசையும் தீப்பற்றும் சாமான். விமானப் பயணப் பெட்டியில் அவற்றைக் கேட்டு மாமாவைச் சங்கடப்படுத்த வேண்டாம். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்றைக் கேளுங்கள். ஹாட்வெயார் கடைத் தின்னரை இதற்குப் பாவிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். அது கிட்டின் பிளாஸ்ரிக்கான பொலிஸ்ரைரீனைத் தின்றுவிடும்.

இதுவரை எடை ஏறத்தாழச் சமம். என் முடிவைத் தீர்த்தது செய்து முடித்த பிறகு வரும் காலம்.

ஒரு மொடலைச் செய்ய ஒரு மாதமோ இரண்டு மாதமோ போகும். அதைக் காப்பாற்றுவது வருடக்கணக்கு. எங்கள் காலநிலை ஒரே சீராக ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் தாள் காய்ந்து முறுகும். சோளகம் பிறந்தால் செம்மண் தூசி ஜன்னல் இடுக்கெல்லாம் வரும். ஐப்பசியில் மழை இறங்கினால் மார்கழி வரை துவாயே காயாது. இந்த ஏற்ற இறக்கம்தான் கடதாசியைக் கொல்கிறது. தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஈரத்தை இழுக்கும்போது அது நார்வாட்டில் கொஞ்சமும் குறுக்குவாட்டில் அதிகமும் பொருமும். இறக்கையின் மேல்தாளும் கீழ்த்தாளும் வேறு வேறு திசையில் வெட்டப்பட்டிருந்தால், மழை முடிய இறக்கை மெல்ல முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மட்டைச் சட்டங்கள் தோலின் மேலே வரிவரியாகத் தெரியத் தொடங்கும். என் 1/33 ஹரிகேனின் இடது இறக்கை அப்படித்தான் ஆனது. செய்யும்போது அது நேராகவே இருந்தது.

மேலே தெளிந்த வார்னிஷ் அடித்தால் காக்கும் என்பார்கள். ஈரம் நுழையும் வேகத்தைத்தான் அது குறைக்கும்; நுழைவதைத் தடுக்காது. வெட்டிய விளிம்புகள் எல்லாம் திறந்த வாசல்கள். இங்க்ஜெட் பிறின்ரரில் எடுத்த தாளானால் வார்னிஷே மையைக் கலைத்துவிடக்கூடும். லேசர் பிறின்ற் பரவாயில்லை, ஆனால் மடிப்புகளில் நிறம் உதிரும். பிறகு பூஞ்சணம். சாம்பல் நிறப் புள்ளியாகத் தொடங்கும். துடைத்தால் படமும் சேர்ந்து வரும்.

அதற்கு மேல் பூச்சி. புத்தக அலுமாரி வைத்திருக்கிற எவருக்கும் இராமபாணப் பூச்சியைத் தெரியும். தாளும் மாப்பசையும் அதற்கு விருந்து. அதனால் கடதாசி மொடல் இருக்கும் அலுமாரியில் அந்துருண்டை போடுகிறோம். அந்த அந்துருண்டையின் ஆவி பொலிஸ்ரைரீனை இளக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் பல மாதம் கிடந்தால் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பு பிசுபிசுத்து, நுண்ணிய கோடுகள் மழுங்கும். இரண்டு ஹரிகேனும் வேறு வேறு அலுமாரியில் இருப்பதன் காரணம் இதுதான். இரண்டு வகையும் செய்யப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள்.

பிளாஸ்ரிக் ஈரத்தை இழுக்காது. பூச்சிக்கு அதில் தின்ன ஒன்றும் இல்லை. பூஞ்சணம் வந்தாலும் மேலே படிந்த தூசியில்தான் வரும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி, தேவைப்பட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டுக் கழுவலாம். டெக்காலின், அதாவது மேலே ஒட்டும் சின்னப் படங்களின், மேல் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெப்பம் அதன் எதிரி. வெயிலில் நிறுத்திய வான் வாகனத்துக்குள் விட்டால் மெல்லிய பாகங்கள் தொங்கும். தகரக் கூரைக்கு அடியில் உயரத் தட்டில் வைப்பதும் நல்லதல்ல. ஆனால் வளைந்த இறக்கையைச் சுடுதண்ணீரில் பிடித்து நிமிர்த்தவும் முடியும். கடதாசியில் அதை நினைத்துப் பார்க்க முடியாது. பித்தளையில் செய்த நுண்பாகங்களைக் கடற்காற்று கறுக்கவைக்கும். பெயின்ற் மூடியிருந்தால் அதுவும் இல்லை.

பராமரிப்பு என்று நான் சொல்வதில் திருத்தமும் அடங்கும். வரலாற்றுக்குச் சரியாகச் செய்கிறவருக்கு மொடல் என்றைக்கும் முடிந்துபோவதில்லை. ஒரு புதிய புகைப்படம் கண்ணில் படும், முன்பு எடுத்த முடிவு ஆட்டங்காணும். 1942 ஏப்ரலில் பறந்த ஹரிகேனில், பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்க வேண்டும். பிற்பாடுதான், ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு மாறிப்போகாமல் இருக்க, கிழக்குப் போர்முனையில் அந்தச் சிவப்பைக் கைவிட்டார்கள். கிட்டோடு வரும் டெக்கால் எந்த வருடத்துக்கு உரியது என்று பார்க்காமல் ஒட்டினால், உயிர்த்த ஞாயிறன்று 1944 இன் விமானம் பறக்கும். வயிற்றுப் பக்கத்து நிறம் இன்னும் கடினம். 30 ஆம் ஸ்குவாட்ரன் வட ஆபிரிக்காவில் இருந்து வந்தது. 1942 மார்ச்சில் இண்டோமிற்றபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து பறந்து வந்து இறங்கியது. பாலைவன நீலமா, பிரித்தானிய வெளிர்பச்சையா? கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் இன்றைக்கு எனக்குச் சரியென்று படுவதை அடித்துவிட்டு, நாளைக்கு ஆதாரம் கிடைத்தால் மாற்ற முடிய வேண்டும். பிளாஸ்ரிக்கில் முடியும். பாமசியில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் அக்ரிலிக் பெயின்றை இளக்கி எடுக்கும், பிளாஸ்ரிக்கைத் தொடாது. ஒட்டுவாயைத் திறந்து மூக்கையே மாற்றலாம். கடதாசியில் நிறம் தாளோடு பிறக்கிறது. பிறின்ற் எடுக்கும் முன் கணினியில் வட்டத்தை மாற்றுவது, உண்மையில், டெக்கால் தேடுவதைவிட இலகு. ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒன்று செய்ய வேண்டும்.

இடமும் ஒரு விஷயம். ஹரிகேனின் இறக்கை 12.19 மீற்றர். 1/72 இல் அது 17 சென்ரிமீற்றர், 1/33 இல் 37. பக்கத்தில் பேர்ச்சலின் கற்றலினாவையும் வைக்க ஆசைப்பட்டால், அதன் 31.7 மீற்றர் 1/72 இல் 44 சென்ரிமீற்றராக அடங்கும். 1/33 இல் 96 வரும். அதற்குக் கண்ணாடி அலுமாரி செய்விக்க ஆசாரியிடம்தான் போக வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் விமானம் என்றால் பொம்மர், பொம்மர் என்றால் பங்கருக்குள் ஓடியது என்று நினைவில் நிற்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1942 என்று விளக்கினாலும் அந்த நிழல் மாறாது. அவர்கள் இருக்கும் வீட்டில் விறாந்தையில் பெரிதாகத் தொங்கவிடாமல், உள்ளறையில் ஒரு சின்ன அலுமாரியில் வைப்பதே மரியாதை. சின்ன அளவு அதற்கும் உதவுகிறது.

கட்டடங்களுக்கு வந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும். யாழ்ப்பாணக் கோட்டை போன்ற ஒன்றை எப்படியும் கையால்தான் கட்ட வேண்டும். முதலில் வருடத்தைத் தீர்மானியுங்கள். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது போர்த்துக்கேயரின் சதுரக் கோட்டையை. அதை இடித்துத்தான் ஐங்கோணமாகக் கட்டினார்கள். வெளி அரண்கள் 1792 இல்தான் முடிந்தன. 1706 இல் எழும்பிய ஒல்லாந்தத் தேவாலயம் 1990 சண்டைக்கு முன் இருந்தது, பின் இல்லை. எல்லாக் காலத்தையும் கலந்து ஒரு கோட்டை செய்தால் அது எந்தக் காலத்துக் கோட்டையும் அல்ல. முழுக் கோட்டையை 1/72 இல் செய்ய அறை போதாது. ஒரு கொத்தளத்தின் மூலையைச் செய்து, அதை நன்றாகச் செய்யலாம்.

இதற்குப் பலர் மட்டையை எடுப்பார்கள். சுவர் தட்டையானது, வளைவு இல்லை, மட்டை போதும் என்பது நியாயம்தான். நான் விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் பீவீசி நுரைப்பலகையை எடுப்பேன். கத்தியால் வெட்டுப்படும், மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் அழுத்தினால் முருகைக்கல் வரிசை பதியும், சுப்பர் குளூவில் ஒட்டும், மழைக்கு அசையாது. முருகைக்கல்லின் துளைகளுக்குப் பழைய பல்துலக்கியின் நாரை மேலே குத்தினால் போதும். பனங்குற்றி அடுக்கிய பங்கர் செய்ய நினைப்பவர்கள் ஈர்க்கைத் தேடுவார்கள், அது இயற்கையாகவும் இருக்கும். ஆனால் பூச்சி துளைக்கும். 1/72 இல் ஒரு பனங்குற்றி நாலு மில்லிமீற்றர் அளவில் வரும்; அந்தப் பருமனில் பிளாஸ்ரிக் குச்சியை வாள் அலகால் கீறி எடுத்தால் பனையின் வளையமும் தெரியும்.

மரத்தில் முழு விமானமும் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் அடிப்பலகைக்கு மேல் போனதில்லை, ஆகவே அதை ஒப்பிடவில்லை. ரெசினில் முப்பரிமாணப் பிறின்ற் எடுத்த பாகங்களை ஒன்றிரண்டு மொடலில் பாவித்தேன். கூர்மை அபாரம். எங்கள் வெயிலில் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு அவை இன்னும் பழசாகவில்லை.

பிளாஸ்ரிக்கை எடுத்தாலும் மாதம் பார்த்துத் தொடங்குங்கள். ஒட்டுவதை மழைக்காலத்திலும் செய்யலாம். மங்கல் வார்னிஷை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் விசிற வேண்டாம். காற்றில் ஈரம் கூடினால் அது வெள்ளையாகப் பூத்து, கரும்பச்சை எல்லாம் பால்படிந்துபோகும். மாரியில் ஒட்டி, மட்டம் தேய்த்து வைத்துவிடுங்கள். தை பிறந்து நாலு நாள் நல்ல வெயில் எறித்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் வார்னிஷை எடுக்கலாம்.