கிறிஸ்துமஸ் விளக்குக்கு உயர ஏணி: வாடகையா, இரவலா, ஆளா?

நாகர்கோவில் பக்கத்து மாடி வீடுகள் பலவற்றில் மொட்டை மாடி இருப்பதில்லை; அதற்குப் பதிலாகச் சரிந்த கான்கிரீட் கூரை போட்டு, அதன்மேல் ஓடு பதித்திருப்பார்கள். மொட்டை மாடி இருப்பவர்கள் கைப்பிடிச் சுவரருகே நின்றே சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டுவிடலாம். சரிந்த கூரைக்கு அந்த வசதி இல்லை. தரையிலிருந்து ஏறக்குறைய 20 அடி உயரத்தில் இருக்கும் கூரை விளிம்பை ஏணி வைத்துத்தான் எட்ட முடியும். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் அந்த ஏணியை எப்படிப் பெறுவது என்று எங்கள் வீட்டில் நன்றாக யோசித்து, கடந்த கிறிஸ்துமஸுக்கு வாடகைக்கே எடுத்தோம். இனி ஏணி தேவைப்பட்டாலும் அப்படித்தான் எடுப்போம்.

ஏணியைச் சொந்தமாக வாங்குவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒருநாள் வேலைக்காக வாங்கிய ஏணி, எஞ்சிய நாளெல்லாம் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். மாடியேறி வர நினைக்கும் திருடனுக்கும் அது உதவும்.

இரவல் வாங்குவதில் செலவில்லை, உறவும் வளரும் என்பது உண்மையே. ஆனால் உயர ஏணி வைத்திருப்பவர்கள் பெயிண்டர்களும் ஆலயத்தாரும்தான். கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் இங்கே வலுவாக இருப்பதால், நமக்குத் தேவைப்படும் அதே வாரங்களில் பெயிண்டரின் ஏணி வேறொரு வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். ஆலயத்தின் ஏணி ஆலயத்துக்கே வேண்டியிருக்கும்.

ஒலி ஒளிக்காரரை அழைத்தால் அவரே ஏணியோடு வந்து கட்டிவிட்டு, பண்டிகை முடிந்ததும் கழற்றியும் செல்வார். நான் அவர்களை அமர்த்தியதில்லை. உறவினர் வீட்டில் கண்டதை வைத்துச் சொல்வதானால், வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் விளக்குகள் அவருடையவை, நிறமும் வடிவமும் பெரும்பாலும் அவர் விருப்பப்படியே அமைந்தன. நாங்கள் ஆண்டாண்டாகச் சேர்த்த சரங்களையும் நட்சத்திரங்களையும் கட்ட வேண்டும் என்பதால் அந்த வழியை விட்டோம்.

வாடகை ஏணி கிடைக்கும் இடம், கான்கிரீட் போடும்போது முட்டுக்கொடுக்கும் பலகை, கம்பு போன்ற சென்ட்ரிங் சாமான்களை வாடகைக்கு விடும் கடை. அங்கே நாள் கணக்கில் வாடகை, கொஞ்சம் அட்வான்ஸ், ஓர் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு காரியம் முடிந்துவிடும். தேவைக்கு மேல் நீளமான ஏணியைக் கேட்டுவிடாமல் இருப்பது முக்கியம், ஏனெனில் 20 அடி உயர விளிம்புக்கு 20 அடி ஏணி வேண்டியதில்லை. பத்தடித் துண்டுகள் இரண்டு உள்ள அலுமினிய ஏணியை, மூன்றடி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்குமாறு நீட்டினால் 17 அடி வரும். அடியைச் சுவரிலிருந்து சுமார் 4 அடி தள்ளி ஊன்றினால் மேல்முனை 16 அடிக்குச் சற்று மேலே சாயும். மேலிருந்து மூன்று படிகளை விட்டுவிட்டு அதற்குக் கீழே நின்றாலே, கையை உயர்த்தும்போது விளிம்பு எட்டிவிடும். மடக்கிய நிலையில் பத்தடிதான் என்பதால் குட்டியானையில் ஏற்றவும் எளிது. வண்டிக் கூலி பல சமயம் ஏணி வாடகையையே மிஞ்சிவிடுகிறது, ஆகவே நடந்து தூக்கிவரும் தூரத்தில் கடை இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: கட்டிய விளக்கைக் கழற்றவும் ஏணி வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் கட்டி, ஜனவரி 6 அன்று மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றுவதென்றால் இடையில் ஐந்து வாரங்கள் கடந்துவிடுகின்றன. அத்தனை நாள் வாடகை கட்டி ஏணியை வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு தனித்தனி நாட்களுக்கு எடுத்தால் வண்டிக் கூலியும் இரட்டிப்பாகும். நடுவில் ஒரு சரம் அணைந்துபோனாலோ மூன்றாவது முறை ஏணி தேட வேண்டும். இரவல் கொடுத்தவரிடமும் இத்தனை முறை போய் நிற்பது சங்கடமானது. வாடகை ஏணி நம் வீட்டில் இருக்கும் அந்த ஒரு நாளைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடும் என்பதுதான் நான் அதன் பக்கம் சாய்வதற்குக் காரணம்.

நாங்கள் செய்தது இதுதான். விளக்குகளை நேரடியாகக் கூரையில் கட்டாமல், விளிம்பின் அடிப்பக்கத்தில் துரு ஏறாத வளையக் கொக்கிகளைத் துளையிட்டுப் பொருத்தி, இரு முனைகளிலும் சிறிய கப்பிகள் மாட்டி, அவற்றின் வழியே நைலான் கயிற்றைக் கொடிமரத்துக் கயிறு போல ஓட்டினோம். சரங்களைத் தரையில் நின்றே கயிற்றோடு கட்டி மேலே இழுத்து, கயிற்றின் நுனியைக் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் சுற்றிவிடலாம். பழுதானால் இறக்கிப் பார்க்கலாம், கழற்றவும் ஏணி தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயாத காலத்தில் காற்று வலுத்தால் உடனே இறக்கிவிடவும் முடிகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலைக் கண்ட மாவட்டத்தில் இதைச் சிறிய வசதி என்று நான் கருதமாட்டேன். நைலான் கயிறு வெயிலில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது போகப்போகத்தான் தெரியும். மாற்ற நேர்ந்தால் புதுக் கயிற்றைப் பழைய கயிற்றின் நுனியில் சேர்த்துக் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்பதால், அதற்கும் ஏணி வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

கடையில் ஏணியை எடுக்கும்போது, இரு துண்டுகளையும் பிடித்து நிறுத்தும் கொக்கிகள் முழுமையாகப் படிகின்றனவா, கால்களில் ரப்பர் தேயாமல் இருக்கிறதா, படிகள் ஆடுகின்றனவா என்று அங்கேயே நீட்டிப் பார்ப்பது அவசியம். நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே சொல்லிவைத்து, வாரநாள் ஒன்றில் எடுத்தால் அலைச்சல் குறையும். மழை பெய்து நனைந்த தரையில் ஏணியை ஊன்றக் கூடாது. கீழே ஒருவர் இறுதிவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் இந்த வழியை நான் சொல்லமாட்டேன். மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்புக் கம்பி கூரை விளிம்பை ஒட்டியோ, ஏணியை நிமிர்த்தும்போது தொடக்கூடிய தூரத்திலோ சென்றால், மின்சாரத்தைக் கடத்தும் அலுமினிய ஏணி அங்கே உயிருக்கே ஆபத்து. நனைந்த மூங்கில் ஏணியையும் நம்ப முடியாது. அத்தகைய வீட்டுக்காரர்கள், ஃபைபர் ஏணி வைத்திருக்கும் எலக்ட்ரீசியனை அழைத்து, இணைப்பைத் துண்டித்த பிறகே கொக்கிகளைப் பொருத்தச் சொல்ல வேண்டும்.