மூன்று வருஷம், ஐந்து ஒட்டுப் போர்வை, ஒரு டை கட்டிங் மெஷின்

2022 ஓணம் லீவுக்குத் தம்பி குவைத்திலிருந்து வந்தபோது, வீட்டில் ஆளாளுக்குச் சென்ட், பிஸ்தா என்று கேட்க, நான் துணி வெட்டுகிற மெஷின் கேட்டேன். கையால் சுற்றுகிற மெஷின்தான், ஆனால் நல்ல கனம். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் சப்பாத்தி தேய்க்கிற மெஷினா என்று கேட்டார்களாம். தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

வாங்கியவுடன் எழுதியிருந்தால் வானளாவப் புகழ்ந்திருப்பேன். மூன்று வருஷத்தில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து ஐந்து போர்வை முடித்து, ஆறாவது பாதியில் நிற்கிறது. இப்போது எழுதினால்தான் சரியாக இருக்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பலகையில் சதுரம், முக்கோணம், அறுகோணம் என்று ஏதாவது ஒரு வடிவத்தில் எஃகு பிளேடு பதித்திருக்கும், சுற்றிலும் ஸ்பாஞ்ச். அதுதான் டை. அதன்மேல் துணியை அடுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் மேட் வைத்து, இரண்டு உருளைக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அழுத்தத்தில் துணி வெட்டுப்பட்டு மறுபக்கம் வரும். கரண்ட் வேண்டாம். காற்றடித்தால் கரண்ட் போகிற எங்கள் ஊருக்கு அது பெரிய சௌகரியம்.

நான் அதிகம் பயன்படுத்துவது நாலரை இஞ்ச் சதுர டை. நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் தைத்த பிறகு நாலு இஞ்ச். ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 80 இஞ்ச் போர்வை என்றால் வரிசைக்கு 15 வீதம் 20 வரிசை, மொத்தம் 300 துண்டு. என் டையில் ஒரே நேரத்தில் இரண்டு சதுரம் வரும். ஆறு மடிப்பு வைக்கலாம் என்று போட்டிருந்தது. எனக்கு நாலுக்கு மேல் போனால் அடித்துணியில் இழை அறுபடாமல் நிற்கிறது, அதனால் நாலுதான். ஒரு தடவைக்கு 8 துண்டு, 38 தடவை சுற்ற வேண்டும். முன்பு அட்டை அளவு வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியால் வெட்டியபோது நாலைந்து சாயங்காலம் போகும். இப்போது இரண்டு மத்தியானம் போதும், அதில் பாதிக்கு மேல் சுற்றுவது மாமிதான். இடியாப்ப உரல் பிடித்துப் பழகிய கை. "மக்களே, நீ துணியை வை, நான் சுத்துறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இனி குறைகள்.

முதல் போர்வையில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. டையில் வெட்டியது, எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று நம்பி நூறு துண்டு தைத்த பிறகு பார்த்தால் வரிசைக்கு வரிசை நீளம் மாறுகிறது. அளந்தால் சில சதுரம் நாலரைக்கு நாலரை, சில சதுரம் ஒரு பக்கம் அரைக்கால் இஞ்ச் குறைவு. மெஷின்தான் கோளாறு என்று தம்பியைப் போனில் பிடித்துத் திட்டினேன், பாவம். விஷயத்தைச் சொன்னது நாகர்கோவில் வடசேரியில் தறி நெய்கிற குடும்பத்து அக்கா ஒருவர். துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டி, "பாவு இழுபடாது, ஊடைதான் இழுபடும், நீங்க எதை உருளைக்குள்ள விடுறீங்க?" என்றார். அவ்வளவுதான். பாவு என்றால் துணியின் நீளவாட்டு நூல், ஊடை குறுக்கு நூல். உருளை துணியை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அந்தத் திசையில் ஊடை இருந்தால் துணி இழுபட்டு, இழுபட்ட நிலையிலேயே வெட்டுப்பட்டு, வெளியே வந்ததும் சுருங்கிவிடும். பாவு நீளவாக்கில் உருளைக்குள் போக வேண்டும். மெஷினோடு வந்த தாளிலும் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இப்போது துணியை வெட்டி அடுக்கும்போதே பாவுப் பக்கம் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன்.

அடுத்தது கஞ்சி. தையல்கடை அண்ணாச்சி மூட்டையாகக் கொடுக்கிற வெட்டுத்துணியில் பாதி வழுக்குகிற பாலியஸ்டர். டையில் வைத்தால் நழுவும், முனை மடங்கும். கஞ்சி போட்டாலும் அதற்கு விறைப்பு ஏறாது. ஓசித் துணியில் போர்வை செய்யலாம் என்று இந்த மெஷினை வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், நடக்காது. பருத்தி வேண்டும், அதையும் முதலில் துவைத்துச் சுருங்க விட்டு, கஞ்சி போட்டு, தேய்த்து, அட்டை மாதிரி விறைப்பாக்கினால்தான் வெட்டு கச்சிதமாக விழும். சோற்றுக் கஞ்சியைவிட மரச்சீனி (மரவள்ளி) மாவுக் கஞ்சி நல்லது. கண்ணாடி மாதிரி தெளியும்வரை காய்ச்சி, தண்ணீராக நீர்த்து முக்கினால் கரும்நிறத் துணியில்கூட வெள்ளைப் பொடி தெரியாது. ஆனால் கஞ்சி போட்ட துண்டுகளை மாசக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டாவது போர்வைக்கு வெட்டி வைத்ததில் நாற்பது துண்டை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. வெட்டினால் அந்த மாசமே தைத்து, துவைத்துவிட வேண்டும்.

துணிக் கணக்கிலும் ஏமாந்தேன். ஒரு மீட்டர் துணி துவைத்த பிறகு 39க்கு 43 இஞ்ச் இருந்தது. பிளேடுக்கு வெளியே துணி போதாமல் போகுமோ என்று பயந்து ஐந்து இஞ்சாக வெட்டி டையில் வைத்தபோது 56 சதுரம்தான் கிடைத்தது. பக்கத்துக்கு அரைக்கால் இஞ்ச் மட்டும் விட்டு நாலே முக்காலாக வெட்டினால் அதே துணியில் 72. கால் இஞ்சுக்காக மீட்டருக்கு 16 சதுரம் போயிருக்கிறது, அதுவும் கைத்தறித் துணியில்.

நாங்கள் குளச்சல் பக்கம், கடலுக்கு நடக்கிற தூரம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரும்பு வைத்திருப்பவர்களுக்கு அது என்ன என்று தெரியும். முதல் வருஷம் டையைச் சும்மா சாய்த்து வைத்திருந்தேன், பிளேடு ஓரமெல்லாம் செம்மண் நிறம். எண்ணெய் தடவலாம் என்றால் துணியில் கறை. இப்போது உலர்ந்த துணியில் சுற்றி, மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில், மருந்து பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு வைக்கிறேன். வெட்டி முடித்ததும் பிளேடுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே அடைகிற நூல்தூசியைப் பல்குத்தியால் எடுத்துவிட வேண்டும். அதை விட்டால் மறுநாள் அந்த இடத்தில் இழை அறுபடாது. மேட்டையும் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் புரட்டிப் போட வேண்டும், ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் தீர்ந்தது. மூன்று வருஷத்தில் மூன்று மேட் மாற்றிவிட்டேன்.

டை விலை அதிகம் என்று ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். சிவகாசியில் அட்டைப்பெட்டிக்கு டை செய்கிற இடத்தில் பிளைவுட்டில் ஒன்று செய்து வாங்கினேன். அருமையான வேலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உருளைக்கு நடுவே போகவே இல்லை. பெட்டித் தொழிலில் பிளேடு உயரம் 23.8 மில்லிமீட்டர், அதற்குமேல் மேட்டும் துணியும் சேர்ந்தால் என் மெஷினுடைய இடைவெளி போதாது. அவர்கள் மேல் தப்பே இல்லை, நான் அளந்து கொடுக்கவில்லை. அது இப்போது முந்திரிக்கொத்து வைக்கிற தட்டுக்கு மூடியாக இருக்கிறது.

சரி, இத்தனை பாட்டுக்கு என்ன லாபம் என்றால் மூலைதான். வேகம்கூட அப்புறம். நாலு சதுரம் சந்திக்கிற இடத்தில் தையல் கூட்டல் குறி மாதிரி விழுவது கத்தரியில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மாமி சின்ன வயதில் லேஸ் பின்னியவர். 1820களில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இருந்த கைவேலை அது. அந்தக் கண்ணுக்கு மூலை ஒரு நூல் தப்பினாலும் தெரிந்துவிடும். முதல் போர்வையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். மூன்றாவதை விரித்து, விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் வெட்டிக் கொடுத்தாலும் தையலில் ஏமாற முடியாது. கால் இஞ்சைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்தால் ஒரு இணைப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் போகும். 15 துண்டுக்கு 14 இணைப்பு, வரிசைக்கு 28 மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்சுக்கு மேல். நான் கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை அளவு குறைத்தே தைக்கிறேன், மடிப்புக்குப் போகிற துணிக்கு அது சரியாகிவிடும்.

போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்க இலவம்பஞ்சு போட்டுப் பார்த்தேன், இரண்டு துவைப்பில் மூலையில் போய்க் கட்டிவிட்டது. பாலியஸ்டர் ஷீட் போட்டது மாசியில்கூட வியர்த்தது. இப்போது மாமியின் பழைய இரட்டை முண்டுதான், துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது.

ஒரே ஒரு போர்வை செய்ய ஆசைப்படுகிறவர்கள் வாங்க வேண்டாம், அட்டையும் கத்தரியும் போதும். வருஷத்துக்கு இரண்டு செய்கிறவர்கள், கை வலி உள்ளவர்கள், ஒரே வடிவத்தை நூற்றுக்கணக்கில் வெட்டுகிறவர்கள் வாங்கலாம். ஒரு டையோடு ஆரம்பியுங்கள். நான் ஆசையில் வாங்கிய அறுகோண டை இரண்டு வருஷமாகப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது.

ஆறாவது போர்வை மயினி (அண்ணி) மகளுக்கு. டம்ளர் வடிவ டை, ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்து வரிசையாக வரும், பார்க்க டீக்கடையில் அடுக்கின மாதிரி. சிவப்புக் கைத்தறி போடச் சொல்லி அடம். நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், சாயம் இறங்குகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார்கள், வைத்தேன், அப்புறமும் இறங்குகிறது. நாலாவது தடவை அலசி இன்று கொடியில் போட்டிருக்கிறேன்.