பழைய கேசட்டுக்கு எந்தப் புது செட்?

போன சித்திரையில் மாயவரம் வீட்டுப் பரணை ஒழித்தபோது, அக்காவின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அடியில் பதினோரு டிவி கேம் கேசட்டுகள் கிடைத்தன. காண்ட்ரா, மாரியோ, நாங்கள் ‘டேங்க்’ என்று மட்டுமே சொல்லிப் பழகிய பேட்டில் சிட்டி, அட்டை உரிந்துபோன ஒரு ‘9999 இன் 1’. செட் என்றைக்கோ போய்விட்டது. அன்று முதல் இந்தக் கேசட்டுகளை எதில் போட்டு ஆடுவது என்று தேடி, கைக்கு வந்ததையெல்லாம் ஆடிப் பார்த்தேன். டெல்டாவில் இன்னும் எத்தனையோ பரண்களில் இப்படிப் பெட்டிகள் கிடக்கும். அவற்றை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செட்டைத் தேடும் முன் கேசட்டைத் துடையுங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தை வருஷா வருஷம் குடித்த கேசட் அது. என் காண்ட்ராவின் அடியில், செட்டோடு ஒட்டும் பித்தளை நிறப் பற்களில் பச்சை படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். முதல் குச்சி கரியாக வந்தது, நாலாவது வெள்ளையாக வந்தது. சின்ன வயதில் செய்ததுபோல வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம்தான் அந்தப் பற்களை அரிக்கிறது.

அடுத்தது அளவு. நம் ஊரில் விற்ற கேசட்டுகள் 60 பல் உள்ளவை. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் செட்டின் அளவு அது. அதுவே 1985இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது கேசட்டுக்கு 72 பல். இணையத்தில் அழகாகத் தெரியும் பல நகல் செட்டுகள் அந்த 72 பல்லுக்கு மட்டும் செய்தவை. அவற்றில் நம் கேசட் நுழையாது, தனியாக அடாப்டர் வாங்க வேண்டும்.

கடைத்தெருவில் இன்றும் கிடைக்கும் மலிவான செட்டில் நம் கேசட் நேராக உட்காரும். அன்று பல சில்லுகள் செய்த வேலை முழுவதையும், கருப்புப் பிசின் பொட்டுக்குள் மூடிய ஒரே சில்லு செய்கிறது. குறை உண்டு. இப்படிப்பட்ட சில்லுகள் பலவற்றில் ஒலி அலையின் இரண்டு வகைகள் இடம் மாறியிருக்கும். அதனால் பாட்டின் மெட்டு சரியாக இருந்தும் குரல் மட்டும் மூக்கடைத்ததுபோலக் கேட்கும். நிறமும் கொஞ்சம் விலகும். ஆனால் பொத்தானுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே எதுவும் கிடையாது. அமுக்கினால் அந்தக் கணமே குதிக்கிறது.

அதாவது, ட்யூப் டிவியில் போட்டால். இதே செட்டை எல்இடி டிவியில் மாட்டினால் கதை மாறிவிடும். அந்தக் காலத்து 240 வரிப் படத்தைப் புது டிவிகள் பெரும்பாலும் வரி விட்டு வரி வரும் பாதிப் படங்களாக எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகத் தைத்து, பெரிதாக்கித் தருகின்றன. அந்த வேலைக்குப் பிடிக்கும் நேரம் கையில் தெரியும். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள், கொஞ்சம் குறையும்.

அப்படியானால் எச்டிஎம்ஐ வைத்த நகல் செட் வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வாங்கியும் பார்த்தேன். திறந்து பார்த்தால் உள்ளே அதே கருப்புப் பொட்டுச் சில்லு, பக்கத்தில் படத்தை மாற்றித் தரும் இன்னொரு சில்லு, அவ்வளவுதான். படம் பெரிதாகத் தெரிகிறது, விளிம்பெல்லாம் மெழுகு பூசியதுபோல இருக்கிறது. எட்டு வயது அக்கா மகன் மாரியோவின் முதல் குழியிலேயே நாலு முறை விழுந்தான். “மாமா, நான் அமுக்கிட்டேன், அவன்தான் லேட்டா குதிக்கிறான்” என்றான். அவன் சொன்னது உண்மை. இந்த வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

2014இல் வந்த ஹைபர்கின் ரெட்ரான் 5 வேறு மாதிரி. அதில் 60 பல் கேசட்டுக்கும் இடம் உண்டு. உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு. கேசட்டில் உள்ளதை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலை மென்பொருளில் ஓட்டுகிறது. நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்கலாம், அது பெரிய வசதி. ஆனால் நம்மிடம் இருப்பதில் பாதி ‘இத்தனை இன் 1’ கேசட்டுகள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழியில் ஆட்டங்களை மாற்றும் என்பதால், நகலெடுக்கும் செட்டுகள் அவற்றில் தடுமாறும்.

பத்தாயிரம் ஆட்டம் அடைத்து விற்கும் ஸ்டிக்குகளில் கேசட்டே போட முடியாது, அவற்றை விட்டுவிடலாம்.

கடைசியாக எஃப்பிஜிஏ செட்டுகள். எஃப்பிஜிஏ என்பது தன் உள்சுற்றையே வேண்டியபடி மாற்றி அமைத்துக்கொள்ளும் சில்லு. மென்பொருளில் பாவனை செய்யாமல், ஃபேமிகாமின் சுற்று நடந்துகொள்வதுபோலவே நடந்துகொள்கிறது. 2016இல் ரெட்ரோயுஎஸ்பி கொண்டுவந்த ஏவிஎஸ் வந்தபோது 185 டாலர், 720பி படம், 60 பல்லுக்கும் 72 பல்லுக்கும் தனித்தனி இடம். அனலாக் நிறுவனத்தின் என்டி மினி வந்தபோது 449 டாலர், 1080பி. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு ஏவிஎஸ் கொண்டுவந்திருந்தான், ஒரு வாரம் வீட்டில் இருந்தது. படம் கத்தியால் கீறியதுபோலத் தெளிவு. தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதில் மாரியோ போட்டதும் நான் திகைத்தது வேறு விஷயத்துக்கு. பாட்டு ஓடுகிறது, மாரியோவும் ஓடுகிறான்! ஜப்பானிய, அமெரிக்கச் செட்டுகள் நொடிக்கு 60 படம் காட்டும். நம் நாட்டு டிவி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். அதற்கேற்பச் செய்த செட்டுகளில்தான் நாம் ஆடினோம். ஆட்டமும் பாட்டும் படக் கணக்கில் நகர்பவை. ஆகவே நாம் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு அசலில் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான். என் கட்டைவிரல் பழகியிருந்தது அந்த நிதானத்துக்கு. அசல் வேகத்துக்குக் கை பழக இரண்டு நாள் ஆனது. எது சரி என்று கேட்டால், செய்தவர்கள் நினைத்தது 60. எனக்கு உள்ளே ஓடுவது 50.

பணம் ஒரு பொருட்டில்லை, வீட்டில் எல்இடி மட்டும்தான் என்றால் ஏவிஎஸ்தான் சரி. நான் இப்போது ஆடுவது மலிவு செட்டும் ட்யூப் டிவியும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி எங்களுடையது. திண்ணை அறை மூலையில் துணி மூடிக் கிடந்தது, போட்டதும் எரிந்தது. வாத்து சுடும் ஆட்டமான டக் ஹண்ட்டின் கன்னும் அதில்தான் வேலை செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும், அதைக் கன்னின் கண் அதே கணத்தில் பார்க்க வேண்டும். எல்இடியில் அந்த வெளிச்சம் தாமதமாக வருவதால், 449 டாலர் செட்டிலும் அந்தக் கன்னால் ஒரு வாத்துகூட விழாது.

அதனால் உங்கள் வீட்டு ட்யூப் டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் பின்னால் திருப்பி, செட்டின் வயரைச் செருக மஞ்சள் ஓட்டையும் வெள்ளை ஓட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.