62 கிரெடிட் படித்தேன், பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது 12

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) நியூ ஜெர்சிக்கு வந்து, மேலே படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘எங்களிடம் இரண்டு வருட அசோசியேட் டிகிரி முடியுங்கள், அப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நேராக மூன்றாம் வருடம் சேரலாம்’ என்று ஒரு தனியார் கல்லூரி சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பி.காம் பாதியில் நிற்க, கல்யாணமாகி வந்தவள் நான். அக்கவுண்டிங் பட்டம் வாங்கி, அமெரிக்கக் கணக்காளர் உரிமத்துக்கான சி.பி.ஏ. தேர்வு எழுத வேண்டும் என்பது ஆசை. பக்கத்திலேயே, மாலை வகுப்புகளோடு, லாபத்துக்கு நடத்தும் ஒரு கல்லூரி இருந்தது. அதன் அட்மிஷன் ஆலோசகர் விடாமல் போன் செய்வார். ஆலோசகர் என்பது பெயருக்குத்தான், ஆள் பிடிப்பதுதான் வேலை. ‘கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் நீங்கள் அடுத்துச் சேரும் கல்லூரியின் முடிவு’ என்று சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. (கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்தால் கணக்கில் சேரும் படிப்பு அலகு.) போனில் அந்த வரியைப் படித்துக் காட்டிக் கேட்டேன். “அது எல்லாக் கல்லூரியும் சும்மா போடும் வரி. எங்களுக்குப் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது” என்றார்.

ஒப்பந்தம் இருந்தது உண்மைதான். யாரோடு? படிப்பு முடிகிற நேரத்தில் கேட்டு வாங்கிய பட்டியலில் இருந்தவை, அவர்களைப் போலவே லாபத்துக்கு நடத்தும் ஆன்லைன் கல்லூரிகள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தபோது என் 62 கிரெடிட்டில் 12ஐ எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஆங்கிலம் 6 மட்டும்தான் உருப்படி. மீதி 6 ‘ஃப்ரீ எலக்டிவ்’. அதாவது பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் அது சேரும், ஆனால் அக்கவுண்டிங் மாணவர் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு பாடத்தைக்கூடக் குறைக்காது. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கில் ஏ வாங்கியவள், அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பீர்கள் என்று கேளுங்கள்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, எனக்குக் கொடுத்தது ஏ.ஏ.எஸ். (அசோசியேட் இன் அப்ளைட் சயின்ஸ்) பட்டம். அது படித்ததும் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மேற்படிப்புக்கு என்று வடிவமைத்தவை ஏ.ஏ. (அசோசியேட் இன் ஆர்ட்ஸ்), ஏ.எஸ். (அசோசியேட் இன் சயின்ஸ்) இரண்டும்தான். ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதே, உசத்தி போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்! இரண்டாவது, அக்ரெடிட்டேஷன், அதாவது கல்லூரியின் தரத்துக்கு வெளி அமைப்பு ஒன்று தரும் அங்கீகாரம். என் கல்லூரிக்கு இருந்தது தேசிய அளவில் தொழிற்கல்லூரிகளுக்குத் தரும் அங்கீகாரம். இந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது மிடில் ஸ்டேட்ஸ் போன்ற பழைய பிராந்திய அமைப்புகளின் அங்கீகாரம். இந்த வேறுபாட்டை மத்திய கல்வித்துறை 2020ல் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் கிரெடிட்டை ஏற்பதா என்பது இன்றும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவுதான்.

எரிச்சல் என்னவென்றால், இதே மாநிலத்தில் நேர்வழி ஒன்று இருக்கிறது. கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் (மாவட்ட அளவிலான இரண்டு வருட அரசுக் கல்லூரி) ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். முடித்தவர்கள் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது அந்தக் கிரெடிட்டை முழுதாக ஏற்க வேண்டும் என்று 2007ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஏ.ஏ.எஸ். அதில் சேராது. எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை ‘என்ஜே டிரான்ஸ்ஃபர்’ இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ‘அசிஸ்ட்’ தளம். அரசுக் கல்லூரிதானே என்று நம்பிப் பார்க்காமலும் இருக்காதீர்கள். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமான ஜி.ஏ.ஓ. 2017ல் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது.

இனி பணம். எச்-4ல் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது. அதனால் முழுக்கச் சேமிப்பிலிருந்து கட்டினோம். ஏமாற்றப்பட்ட மாணவர்களுக்குக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்களே என்று சிலர் சொன்னார்கள். 2022ல், லாபத்துக்கு நடத்திய கொரிந்தியன் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு 580 கோடி டாலர் தள்ளுபடியானது நிஜம். ஆனால் அது அரசுக் கடன் வாங்கியவர்களுக்கு மட்டும். கைக்காசு கொடுத்தவர்களுக்கு அந்த வழியில்லை. கல்லூரியும் “படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்று பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.

அதனால் சேருமுன், நீங்கள் பி.எஸ். (நான்கு வருட இளநிலைப் பட்டம்) படிக்க நினைக்கும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லூரி, பட்டம், பாடங்களின் எண் எல்லாவற்றையும் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக வையுங்கள். மறுத்த பாடத்துக்கு மேல்முறையீடு செய்ய அதைத்தான் கேட்கிறார்கள். நான் அப்படித்தான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 3 கிரெடிட்டை மீட்டேன்.

மாநில உயர்கல்வி அலுவலகத்திலும் நுகர்வோர் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வாக்குறுதியை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தனித்தகவல் அனுப்புங்கள். எனக்கு எல்லாமே போனில்தான் சொன்னார்கள்.