காயடித்த காளையா, கிடேரியா: எதில் முதலில் கொழுப்பு ஏறுகிறது?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தர விதிகளின்படி, 12-ஆம் விலா எலும்பின் மேல் கொழுப்பு அரை அங்குலத் தடிப்பை எட்டும்போது, நடுத்தர உடற்கட்டுள்ள காயடித்த காளை 1,100 முதல் 1,250 பவுண்டு வரை எடையிருக்கும். இன்னும் கன்று ஈனாத இளம் பசுவான கிடேரியோ 1,000 முதல் 1,150 பவுண்டிலேயே அந்த நிலையை அடைந்துவிடும். ஆகவே ஒரே எடையில் வெட்டினால் கிடேரியில்தான் கொழுப்பு கூடுதல். காயடிக்காத காளை, டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்ப்பதால், இரண்டையும்விடக் கொழுப்புக் குறைந்தது.

எடை கூடக்கூட, இரண்டிலுமே தீவனச் சத்து தசைக்குக் குறைவாகவும் கொழுப்புக்கு மிகுதியாகவும் செல்வதால், ஒரு கிலோ எடை ஏற்றுவதற்கான தீவனச் செலவும் உயர்கிறது. கிடேரிக்கு இந்தக் கட்டம் முந்தியே வருகிறது. இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்து ஒரே எடைக்குக் கொழுக்க வைப்பவர், இறைச்சிக்கூடத்தில் சீவி ஒதுக்கப்படும் முதுகுக் கொழுப்புக்குத்தான் தீவனம் போடுகிறார். தசைக்குள் வெண்கோடுகளாகப் படிந்து சுவை தரும் கொழுப்பு கிடேரியிலும் நன்றாகவே அமைவதால், அதைக் குறைந்த எடையில் விற்பதே சரி.