தராசும் மின்வெட்டும்: யூடெவ் விதிகளை மீசொனால் நிறுவி மூன்று வருடம்

2022 பங்குனிக் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்த அந்தக் கிழமை, சுன்னாகம் சந்தைப் பக்கம் வெங்காயம் மொத்தமாக எடுக்கிற ஒரு கடையிலிருந்து அழைப்பு. "தம்பி, உன்ர கொம்பியூட்டருக்கு விசர் பிடிச்சிட்டுது. பெரிய தராசில மூட்டையை ஏத்தினா அது சில்லறை பில்லில விழுது. சின்னத் தராசில ஒரு பை வைச்சா மூட்டைக் கணக்கில ரெண்டு கிலோ எண்டு காட்டுது."

விசர் கொம்பியூட்டருக்கு இல்லை, எனக்குத்தான். அந்தக் கடையில் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியும், நானும் நண்பர் இருவரும் எழுதிய நிறுவை பில் மென்பொருளும் இருந்தன. மேடைத் தராசு ஒன்று, மேசைத் தராசு ஒன்று. இரண்டும் பழைய சீரியல் இணைப்பு உள்ளவை என்பதால் யாழ்ப்பாண ரவுணில் வாங்கிய இரண்டு மலிவு யூஎஸ்பி மாற்றிகளில் மாட்டியிருந்தோம். லினக்ஸ் அவற்றுக்குக் கண்டுபிடித்த ஒழுங்கில் டிடிவையூஎஸ்பி0, டிடிவையூஎஸ்பி1 என்று பெயர் வைக்கும். மென்பொருளில் "0 என்றால் பெரிய தராசு" என்று நான் எழுதிவைத்திருந்தேன். கரண்ட் ஒழுங்காக இருந்த காலத்தில் அந்த ஒழுங்கு மாறவேயில்லை. ஒரு நாளில் ஐந்து தரம் அணைந்து எழும்பத் தொடங்கியதும் அதிர்ஷ்டம் முடிந்துபோனது.

இதற்கு மருந்து யூடெவ் விதி என்பது லினக்ஸ் தெரிந்த எவருக்கும் தெரியும். 2003 இல் தொடங்கி, 2012 இல், லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு சேர்ந்த கருவி அது. ஒரு சாதனம் மாட்டுப்பட்டதும் அதன் அடையாளத்தைப் பார்த்து என்ன பெயர், யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும். விதி எழுதுவது நாலு வரி வேலை. அந்த நாலு வரியை ஒவ்வொரு கடைப் பெட்டியிலும் சரியான இடத்தில், சரியான பெயரில், அடுத்த பதிப்பு வரும்போது பழசு மிஞ்சாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மூன்று வருடம் என்னைத் தின்றது.

முதல் ஆறு மாதம் கையால் நகல் எடுத்தேன். /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி கோப்புறைக்குள் 99 என்று தொடங்கும் கோப்பு ஒன்று. இணையத்தில் பாதிப் பேர் 99 என்றே எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். கடையில் வேலை செய்யும் பிள்ளையின் கணக்குக்குத் தராசைத் திறக்க அனுமதி வரவேண்டும் என்று அதில் யூஅக்சஸ் என்ற குறியையும் சேர்த்திருந்தேன். வரவில்லை. காரணம் எண்ணில் இருந்தது. விதிக் கோப்புகள் எந்தக் கோப்புறையில் இருந்தாலும் பெயர் வரிசைப்படிதான் வாசிக்கப்படும். யூஅக்சஸ் குறியைப் பார்த்து அனுமதி கொடுக்கிற வேலையைச் செய்வது 73 இல் தொடங்கும் ஒரு கோப்பு. அது வாசித்து முடிந்த பிறகு 99 இல் குறி போட்டால், பஸ் போன பிறகு கை காட்டின கதைதான். 70 என்று மாற்றினேன், வேலை செய்தது. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தூர இணைப்பு வழியாகப் போய்ச் சோதித்தால் இன்னமும் மறுத்தது. யூஅக்சஸ் அனுமதி திரைக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான். தூரத்தில் இருந்து வருகிறவர், சீரியல் சாதனங்களைத் திறக்க அனுமதி உள்ள டயலவுட் குழுவில் சேரத்தான் வேண்டும்.

கடைகள் நாலாகின. சாவகச்சேரிக்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒரு கோப்பை நகல் எடுத்துவிட்டு வருவது, அதுவும் பெற்றோல் வரிசை நாட்களில், ஒரு தொழில்முறை ஆகாது. மென்பொருளை ஏற்கெனவே மீசொன் என்ற, மூலநிரலைக் கட்டி நிறுவும் கருவியால்தான் கட்டிக்கொண்டிருந்தோம். சிஸ்டம்டியே 2017 இல் ஓட்டோடூல்ஸ் என்ற பழைய கட்டும் கருவியை விட்டு மீசொனுக்கு வந்துவிட்டதால், யூடெவ் சமாச்சாரம் அதில் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் முயற்சி, விதிக் கோப்பை, மீசொன் நூலகங்களை வைக்கும் லிப்டிர் என்ற இடத்துக்குள் யூடெவ்/ரூல்ஸ்.டி என்று போடச் சொன்னது. நிறுவல் முடிந்தது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. விதியும் இல்லை. டெபியனில் லிப்டிர் என்பது வெறும் லிப் அல்ல, அதற்குள் எக்ஸ்86_64 என்று தொடங்கும் இன்னொரு கோப்புறை. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் லிப்64. இரண்டிலும் யூடெவ் எட்டிப் பார்க்காது. யூடெவ் பார்ப்பது எப்போதும் வெறும் லிப்பைத்தான்.

சரி, அமைப்பையே கேட்போம் என்று, நிறுவிய மென்பொருள்களின் பாதைகளைச் சொல்லும் பிகேஜி-கொன்ஃபிக் பக்கம் போனேன். அங்கே ஒரு பொறி. யூடெவ் என்று ஒரு விவரக் கோப்பு, லிப்யூடெவ் என்று இன்னொன்று. நான் கேட்டது லிப்யூடெவை. அது நூலகத்தோடு இணைக்க வேண்டியவர்களுக்கு. விதிகள் எங்கே இருக்கும் என்று சொல்லும் யூடெவ்டிர் என்ற மாறி மற்றதில்தான் இருக்கிறது. ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

சரியானதைக் கேட்டபோது பதில் வந்தது: /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ். பதில் சரி, ஆனால் முழுப் பாதை. மென்பொருளை என் வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவு என்று பிரிஃபிக்ஸ் கொடுத்தாலும், விதிக் கோப்பு மட்டும் அதை மதிக்காமல் /யூஎஸ்ஆருக்குள் போக நிற்கும். சாதாரணப் பயனராக ஓட்டினால் அனுமதி இல்லை என்று மீசொன் நின்று, நிர்வாகியாக ஓட்டவா என்று கேட்கிறது. களைப்பில் ஓம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன். எந்தப் பொதிக்கும் (ஒன்றாக நிறுவி அகற்றக்கூடிய மென்பொருள் கட்டு) சொந்தமில்லாத கோப்புகள் என் லப்டொப் முழுக்க.

கடைசியில் நின்ற வடிவம் இதுதான். யூடெவ்டிர் என்று எங்கள் திட்டத்துக்கே ஒரு தெரிவு வைத்தோம். வெறுமையாக விட்டால் பிகேஜி-கொன்ஃபிக்கைக் கேட்கும். பாதை கொடுத்தால் அதையே எடுக்கும். "வேண்டாம்" என்றால் விதியை நிறுவாது. பொதி கட்டும்போது வெறுமை, வீட்டில் விளையாடும்போது வேண்டாம். சிமேக் என்ற இன்னொரு கட்டும் கருவியிலும் இதே வேலையை இதே மாதிரிச் செய்யலாம். நண்பர் ஒருவரின் ரசீது பிரிண்டர் கருவியில் செய்தும் கொடுத்தேன், அங்கே புதிதாக ஒன்றும் படிக்கவில்லை.

அந்தத் தெரிவில் ஒரு ஓட்டை விட்டிருந்தேன். விவரக் கோப்பு இல்லாவிட்டால் பேசாமல் விதியைத் தவிர்த்துவிட்டு மேலே போ என்று எழுதியிருந்தேன், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில். டெபியனின் புதிய பதிப்பில் அந்த விவரக் கோப்பு யூடெவ் பொதியிலிருந்து சிஸ்டம்டி-டெவ் என்ற பொதிக்கு இடம் மாறிவிட்டது. அந்தப் பொதி நிறுவாத வெறும் கொன்ரெய்னரில் (தனியாகப் பிரித்த சூழல்) கட்டிய எங்கள் பொதியில் எல்லாம் இருந்தது, விதியைத் தவிர. கட்டும்போது ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கடைகளுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். இப்போது விவரக் கோப்பு இல்லையென்றால் கட்டவே மறுக்கும், எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்றும் சொல்லும். பில்ட் கருவிக்கு வாய் இருக்க வேண்டும்.

இவ்வளவையும்விட என்னை அலைக்கழித்தது ஒரு பேய். வேறு சிப் உள்ள மாற்றி ஒன்றுக்கு, அடையாளம் 0403, 6001, விதியில் புதிதாக வரி சேர்த்துப் பதிப்பு வெளியிட்டோம். மூன்று கடைகளில் வேலை செய்தது. சுன்னாகத்தில் இல்லை. பொதி புதிது, கோப்பு இருக்கிறது, திறந்து பார்த்தால் வரியும் இருக்கிறது. இரண்டு இரவு. யூடெவின் துணைக் கருவியான யூடெவ்ஏடிஎம்மின் சோதனைக் கட்டளை எந்தெந்தக் கோப்பை வாசிக்கிறது என்று நீளமாகக் கொட்டியதை வரி வரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அது வாசித்தது /ஈடிசிக்குள் இருக்கும் கோப்பை. 2022 இல் என் கையாலேயே நகலெடுத்து, 70 என்று பெயர் மாற்றிவிட்டு வந்தது. இரண்டு இடத்தில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் /ஈடிசியில் உள்ளது மட்டும்தான் செல்லும், மற்றதை யூடெவ் பார்க்கவே மாட்டாது. பொதி எத்தனை தரம் வந்தாலும் என் பழைய கோப்பே ஆட்சி செய்திருக்கிறது.

பிழை என்னுடையது, யூடெவ் அப்படித்தான் நடக்க வேண்டும். /யூஎஸ்ஆர் பொதிகளுடையது, /ஈடிசி அந்த இயந்திரத்தை வைத்திருப்பவருடையது. இதை மனப்பாடமாகத் தெரிந்தும் கையில் வரவில்லை. இதே நடத்தை பிறகு ஒரு தரம் கைகொடுத்தது. 2022 இல் வந்த ஒரு லினக்ஸ் பதிப்பில், பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிவை என்ற பொதியின் விதி எங்கள் மாற்றியின் அடையாளத்தையே, 1ஏ86, 7523, தனதென்று எடுத்துக்கொண்டது. மாட்டினால் தராசு தோன்றி உடனே மறைந்துவிடும். அந்தப் பொதியை அழித்துவிடு என்பதுதான் எங்கும் கிடைக்கும் ஆலோசனை. பார்வையில்லாத ஒருவருக்குக் கொம்பியூட்டரே அதுதான், எங்கள் பொதி அதைத் தொடக்கூடாது. அந்த விதியின் பெயரிலேயே /ஈடிசியில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் பெயர்), எதுவும் இல்லாத /டெவ்/நல் பக்கம் காட்டி. அந்த ஒரு கடையில் மட்டும் விதி வாயை மூடிக்கொண்டது.

பொதிக்கு /யூஎஸ்ஆர், கடைக்கு /ஈடிசி என்ற இந்தப் பிரிவு விளங்கிய பிறகுதான் ஆரம்பப் பிரச்சினையே சரியாகத் தீர்ந்தது. இரண்டு தராசின் மாற்றிகளும் ஒரே வகை, சீரியல் இலக்கமும் இல்லாதவை. "எங்கள் மாற்றி" என்று பொதியின் விதியால் சொல்ல முடியும், "பெரிய தராசின் மாற்றி" என்று சொல்ல முடியாது. வித்தியாசம் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதில் மட்டும்தான். துளை அந்தக் கடையின் சங்கதி, ஆகவே அது பொதிக்குள் வராது. அனுமதியும் அடையாளமும் மீசொன் வழியாக /யூஎஸ்ஆருக்கு. துளையைப் பார்த்துப் பெயர் வைக்கும் இரண்டு வரி, வேறு பெயருள்ள கோப்பில், கடையின் /ஈடிசிக்கு. சீரியல்/பை-பாத் என்று யூடெவே தரும் பெயர்கள் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் பில் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அந்த நீளப் பெயரைப் பார்த்த கடைக்கார அண்ணை, "உதென்ன பாஸ்போட் நம்பரோ?" என்றார்.

சின்ன விசயங்கள் இரண்டு. நிறுவி முடிந்ததும் யூடெவை உசுப்பும் சின்ன நிரலை மீசொனில் சேர்க்கும்போது, டெஸ்ட்டிர் (பொதி கட்டும்போது கோப்புகளைச் சேர்க்கும் தற்காலிக இடம்) இருந்தால் தவிர்க்கச் சொல்லும் தெரிவையும் போடுங்கள். இல்லாவிட்டால் பொதி கட்டும் இயந்திரத்தின் சாதனங்களை எழுப்பிக்கொண்டிருப்பீர்கள். மற்றது, 2023 இல் வந்த சிஸ்டம்டி 254 இலிருந்து யூடெவ்ஏடிஎம்முக்கு வெரிஃபை என்ற கட்டளை இருக்கிறது. அதை மீசொனின் சோதனைகளில் ஒன்றாக வைத்தேன். ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமன் போடவேண்டிய இடத்தில் ஒற்றைச் சமன் போட்டதை அது முதல் நாளே பிடித்தது.

துளைகள் மாறிவிடாமல் இருக்க, சுன்னாகக் கடை அண்ணையின் மகள் பெரிய தராசின் துளைக்கும் வயருக்கும் சிவப்புக் கியூட்டெக்ஸ், சின்னத் தராசுக்குப் பச்சை பூசிவிட்டாள். போன மாதம் பெட்டி பழுதாகிப் புதுசு வைத்தோம். பொதியை நிறுவி, புதிய துளைகளின் எண்ணை அந்த இரண்டு வரியில் மாற்றி, பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தபோது, "அண்ணா, பச்சை முடிஞ்சுது, நாவல் நிறம் பூசினாப் பரவாயில்லையோ?" என்று கேட்டாள்.